இடது வெள்ளை, வலது வெள்ளை

மகன் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கு முன்னால் திரேஸ்புரம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று பிளாரன்ஸுக்கு ஆசை. பெயின்டர் பேச்சிமுத்து கூடத்துச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு திட்டு அடித்துக் காட்டினார். இரண்டும் வெள்ளைதான். உற்றுப் பார்த்தால் ஒன்று மட்டும் கொஞ்சம் சோர்ந்த வெள்ளை. இரண்டுக்கும் வாயில் நுழையாத இங்கிலீஷ் பெயர்.

கணவன் ரெக்சனுக்குத் தோஹாவில் இழுவைப் படகில் வேலை. பிளாரன்ஸ் சுவருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு திட்டுக்கும் நடுவில் நின்று, வீடியோ காலில் போனை முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"எனக்கு இடதுதான் பிடிச்சிருக்கு. வலது ஆஸ்பத்திரிச் செவுரு மாதிரி இருக்கு."

"வலதுதாம்ளா நல்லாருக்கு. இடது செத்த மீன் வயிறு கணக்கா கெடக்கு."

பேச்சு தடித்தது. நாலைந்து நாள் அவள் போனை எடுக்கவில்லை.

ஞாயிறு பூசையில் மனசு இளகியது. வருசத்துக்கு ஒருதடவை வீட்டுக்கு வருகிற மனுசன், அவர் ஆசைப்பட்டதையே பார்க்கட்டும். மறுநாள் பழையபடி சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்று, வலக்கைப் பக்கத்துத் திட்டைத் தட்டிக் காட்டினாள்.

"அவுக கேட்டதையே அடிச்சிருங்க அண்ணாச்சி."

கூடம் முடிந்ததும் அவளே ரெக்சனைக் கூப்பிட்டுச் சுவரைக் காட்டினாள்.

"சரிளா, உன் கலரையே அடிச்சிட்ட. உனக்குப் பிடிச்சாச் சரி," என்றான் அவன் பெருந்தன்மையாக.

"என் கலரா? நீங்கதான வலதுன்னு சொன்னிய?"

"எனக்கு வலது. நீ செவத்துக்கு முதுகக் காட்டிட்டு நின்னா உனக்கு அது இடதுல்லா."

பிளாரன்ஸ் சுவரை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். சண்டை முழுக்க இருவரும் ஒரே திட்டுக்காகத்தான் போட்டிருக்கிறார்கள். கூடமோ இருவருக்கும் ஆகாத வெள்ளையில் பளபளத்தது. ரெக்சன்தான் முதலில் சிரித்தான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிப்பு அடங்கவில்லை.

"உள்ளறை இன்னும் அடிக்கலல்லா? அங்கன நம்ம கலர அடிக்கச் சொல்லு."

அப்படியே ஆனது. விருந்தன்று ரெக்சனின் அக்கா ஞானபாய் கூடத்தைப் பார்த்தாள், உள்ளறையையும் எட்டிப் பார்த்தாள்.

"வீடு முழுக்க ஒரே கலர அடிச்சிட்டியளா? சிக்கனந்தான்."

பிளாரன்ஸ் நாத்தனார் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தாள்.