ஒரு ஜோடி பூட்ஸ், இரண்டு பேர்

அம்பிகாவை எனக்குப் பிடிக்காது. இண்டூர்க்காரி. குதிரையில் ஏறிவிட்டால் பென்னாகரத்துக்காரியான என்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

தர்மபுரியில் தடைதாண்டும் குதிரைப் போட்டி. ஒரு கட்டைகூட விழாமல் அறுபத்திரண்டு நொடியில் என் சுற்றை முடித்து முன்னணியில் இருந்தேன். மீதி அவள் ஒருத்திதான். முதலிடத்துக்கு மட்டுமே மாநிலப் போட்டியில் இடம்.

அப்போது நுழைவாயிலில் சத்தம். உடை சரிபார்க்கும் கேத்தரின் மேடம் அம்பிகாவைத் தடுத்து நிறுத்தியிருந்தார். அவள் காலில் வெள்ளை வெளேரென்று கேன்வாஸ் ஷூ.

"முழங்கால் வரைக்கும் தோல் பூட்ஸ், அதுல ஹீல் இருக்கணும். அதான் ரூல். இந்தத் தட்டை ஷூ, கால் வைக்கிற அங்கவடி வளையத்துக்குள்ள நழுவிப் போயிரும். விழுந்தா குதிரை உன்னை இழுத்துட்டு ஓடும்மா."

அம்பிகாவின் அப்பா வெங்கடாசலம் கையைப் பிசைந்தார். குதிரையை ஏற்றிவந்த மினிலாரி அவருடையது.

"பெங்களூர்ல பழசா வாங்குன பூட்ஸுங்க மேடம். தேஞ்சு கெடந்துச்சு. போட்டிக்குப் போறாளேன்னு இந்தப் புதுசு வாங்கியாந்தேன். பழசுல ஒண்ண திருஷ்டிக்கு வண்டி முன்னால கட்டுனேங்க. வழியில எங்கியோ அறுந்து வுழுந்துருச்சு."

லாரிக்குப் பழைய செருப்பு கட்டுவது ஊர் வழக்கம். மகளின் போட்டி பூட்ஸையே கட்டியவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்பிகா கத்தப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"பரவால்லப்பா, வுடு" என்றாள். உதடு மட்டும் துடித்தது.

மேடம் பத்து நிமிடம் கொடுத்தார். அம்பிகா ஒவ்வொருவர் காலாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாம் அவளுக்குப் பெரிசு. எங்கள் இருவருக்கும்தான் ஒரே அளவு. என் முன்னால் வந்தவள் கேட்காமலே திரும்பிவிட்டாள். கேட்டிருந்தால் மாட்டேன் என்றிருப்பேன். கேட்காமல் போனதில்தான் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"ஏய், நில்லுடி! வாயத் தொறந்து கேட்டா கொறஞ்சா போயிருவ?" பூட்ஸைக் கழற்றி அவள் காலடியில் போட்டேன்.

அவள் எடுத்தது ஐம்பத்தொன்பது நொடி. ஒரு கட்டைகூட விழவில்லை. முதலில் கைதட்டியது நான்தான். வயிறும் எரிந்தது, பொய் சொல்வானேன்.

பரிசு வாங்கவும் முழு உடை வேண்டுமாம். இரண்டாம் பரிசுக்கு என்னைக் கூப்பிட்டதும் அவள் பூட்ஸைக் கழற்றித் தந்தாள். நான் மாட்டிக்கொண்டு ஓடி, கோப்பையோடு இறங்குவதற்குள் மைக்கில் அவள் பெயர். வியர்வையில் பூட்ஸ் அவள் காலில் ஏற மறுத்தது. மண்ணில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்து உள்ளே தள்ளினேன்.

வெங்கடாசலம் பதறினார். "அய்யோ கண்ணு, நீ போயி அவ காலப் புடிக்கறியே!"

"சும்மா இருங்க. கூப்புடுறாங்க."

அம்பிகா என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். போகாமல் நின்றாள்.

"மாநிலப் போட்டிக்கு நீயும் கூட வரியாடி? தனியாப் போக பயமா இருக்கு."

இவளுக்கா பயம்!

"வராம? பூட்ஸு என்னுது. போ, போயி வாங்கு."