இல்லாத புலிக்கு ஆமாம் சொன்னவர்

1

இந்தக் கதை எனக்கு முன் சீட்டிலிருந்து கிடைத்தது. வனவிலங்குப் பூங்காவைச் சுற்றிக் காட்டும் திறந்த வண்டியில் நான் கடைசி வரிசை. எனக்கு முன்னால், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு கணவனும் மனைவியும். அவர் தலையில் தொப்பி, அவள் மடியில் சாப்பாட்டுப் பை. அவர் ஏக உற்சாகத்தில் இருந்தார்.

"திங்கக்கிழமைலேருந்து பாப்பாவை நான்தான் கார்ல ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடப்போறேன். மக கேட்டுட்டா. பஸ் பஸ்ஸா ஜனத்தை ஏத்தி ஓட்டின கை இது, ஒரு பேத்தியை ஏத்திக்கிட்டுப் போகாதா?"

வண்டி வளைவில் திரும்பியது. ஓர் அகழி, அதற்கு அப்பால் புல்மேடு, மேட்டின் மேல் கவிழ்த்துப் போட்ட ஒரு நீல வாளி. [வாளியை நான் சேர்க்கவில்லை. அது அங்கே இருந்தது.] வண்டியில் மற்றவர்கள் எல்லாரும் மறுபக்கத்துக் குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, அதோ பாருங்க, புலி," என்றாள் மனைவி.

"ஆமாம்மா," என்றார் அவர். "எவ்ளோ பெருசு!"

நான் எழுந்து நின்றே பார்த்துவிட்டேன். புலி இல்லை. புலி இருந்த மாதிரியும் இல்லை.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போதும் அதே நினைப்பு. காரணமில்லாமல் எந்த மனைவியும் இல்லாத புலியைக் காட்ட மாட்டாள். அந்தக் காரணம் என்னவாக இருக்கும் என்று எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். நீங்கள் படிப்பது அதைத்தான்.

2

முதல் தொடக்கம்:

"ஓய்வுக் காலம் என்பது வாழ்க்கையின் பொன்மாலைப் பொழு—

வேண்டாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். மேடைப் பேச்சு மாதிரி எழுத ஆரம்பித்தால் எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விடும்.

இரண்டாம் தொடக்கம்:

"அவர் மனைவியைப் பாராட்டியபோதுதான் அவளுக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம், வாருங்கள்.

3

ஒரு வாரம் பூங்கா, மறு வாரம் அருங்காட்சியகம் என்று காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் திரும்புகிறவர்கள் இவர்கள் என்று வைத்துக்கொண்டேன். மனைவியை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவளாக ஆக்கினேன். [முகம் பார்க்காமலே குரலை வைத்து ஆளை எடைபோடுகிற ஒருத்தி எனக்குத் தேவைப்பட்டாள்.]

அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பானைக்கும் நாணயத்துக்கும் கீழே ஒரு சின்ன அட்டை இருக்கும். அதை உரக்கப் படிப்பது எப்போதும் அவர் வேலை. மனைவி கொட்டாவி விட்டாலும் நிறுத்த மாட்டார். புலிக்கு முந்தின வாரம் அட்டை முன்னால் நின்று தொண்டையைச் செருமினார். பிறகு நகர்ந்து நின்றார்.

"நீ படிம்மா. உன் குரல்ல கேட்டா நல்லாயிருக்கு."

கல்யாணமான நாளிலிருந்து அவள் குரலைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மெதுவாப் பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்குது."

இந்த இடம் வரை எழுதியதை என் தோழிகளுக்குப் படித்துக் காட்டினேன். முட்டிவலிச் சிகிச்சைக்கு ஒரே அறையில் காத்துக் கிடக்கிறவர்கள் நாங்கள்.

"பொம்பளை விஷயம்," என்றாள் நர்ஸாக இருந்தவள், கண்ணைக்கூடத் திறக்காமல்.

"ஆமாக்கா. அந்த மியூசியத்துலயே எவளோ இருக்கா," என்றாள் தையல்காரி.

"இந்த வயசுலயா?" என்றேன்.

"வயசு என்ன வயசு? எங்க வீட்டுக்காரர் சாகறதுக்கு மொத வாரம், சட்டையை இஸ்திரி போட்டுக் குடுன்னாரு. யாருக்காகன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல."

தோழிகள் பேச்சைத் தட்ட முடியுமா? ஒரு பெண்ணை வரவழைத்தேன். கைப்பையோடு, பழைய நாணயங்களுக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார வைத்தேன். கொஞ்சம் சென்ட்கூடப் பூசிவிட்டேன்.

அவர் அவளைத் தாண்டிப் போனார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஊஹூம். அடுத்த கூடத்துக்குப் போகிற கண்ணாடிக் கதவருகே போய் நின்றவர், "நீங்க போங்க சார், பரவாயில்ல," என்று ஒதுங்கி வழிவிட்டார்.

எதிரே யாரும் இல்லை. கண்ணாடியில் அவரேதான் தெரிந்தார்.

மனைவி சிரித்தாள். அவரும் சிரித்தார். "சும்மா வெளையாட்டுக்கும்மா." ஆனால் அந்தச் சிரிப்பு ஒரு மூச்சு தாமதமாக வந்தது. அது டெலிபோன்காரியின் காதில் விழாமல் போகுமா? அவளுடைய சந்தேகம் இன்னொருத்தியை விட்டு இறங்கி, அவர் கண்ணின் மேல் ஏறியது அங்கேதான்.

(கைப்பைக்காரி இன்னும் அந்த பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தாயே, எழுந்து வீட்டுக்குப் போ. உன்னை அநியாயமாகச் சந்தேகப்பட்டுவிட்டோம்.)

4

நேராகக் கேட்டுவிட்டால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. எழுதினேன்.

"என்னங்க, உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியுதா?"

"ஏன், உன் மூஞ்சியில புதுசா ஏதாவது முளைச்சிருக்கா?"

பேச்சு அங்கேயே படுத்துவிடுகிறது. வண்டி ஓட்டியே பெயரெடுத்த மனுஷனிடம் கார் சாவியைக் கேட்பதும், கையைக் கழற்றிக் கொடு என்பதும் ஒன்றுதான். கேட்ட பிறகு, சந்தேகம் தப்பு என்று தெரிந்தால்? அந்தச் சாப்பாட்டு மேசையில் இருவரும் எதிரெதிரே எப்படி உட்காருவது? கேட்காமல் விட்டு, சந்தேகம் சரியாக இருந்தால்? திங்கட்கிழமை பின் சீட்டில் ஏறப்போவது பேத்தி.

அதனால்தான் அவள் புலியைக் காட்டினாள்.

5

"கண்ணு போயிடுச்சு. அவ்ளோதான்," என்று தீர்ப்புச் சொன்னாள் நர்ஸ்.

தையல்காரி விடவில்லை. "அவசரப்படாத. எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தாரு. ஜன்னலுக்குத் துணி எடுத்து வந்து காட்டினா, பேப்பரை இறக்காமலே 'ரொம்ப நல்லாருக்கு'ம்பாரு. ஒருநாள் வெறுங்கையை நீட்டினேன். அதுக்கும் நல்லாருக்குன்னாரு."

அறையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கதை அந்த இடத்தில் இரண்டாகப் பிளந்துவிட்டது. பார்க்க முடியாத கணவனும், பார்க்க மெனக்கெடாத கணவனும் ஒரே "ஆமாம்மா"வைத்தான் சொல்கிறார்கள். கூடவே வாழ்ந்தவளுக்குக்கூட எது எதுவென்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் விரித்த வலையில் ஏதோ விழுந்துவிட்டது. என்னவென்று அவளுக்கே தெரியாது.

[பக்கத்தின் அடியில் போட வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அவர் நன்றாகவே பார்த்தார். புலி இல்லை என்பதும் தெரிந்தது. பெண்டாட்டிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோய், அவள் மனம் நோகாமல் ஆமாம் போட்டார். அப்படியென்றால் அந்த வண்டியில் சந்தேகத்தை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு பேர்.]

6

நர்ஸ் கேட்ட முடிவு: மனைவி மகளுக்கு போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். எழுதினேன். மகள் கேட்டுவிட்டு, "அப்பாகிட்ட போனைக் குடும்மா, நானே கேக்கறேன்," என்றாள். கிழித்துப் போட்டேன்.

தையல்காரி கேட்ட முடிவு: சாவியை ஒளித்து வைக்க வேண்டும். ஒளித்தாள். அவர் அலமாரித் தட்டை ஒரு கையால் தடவிக்கொண்டே

இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்குத் தோன்றிய முடிவு: கண் டாக்டர், ஒரு சின்ன ஆபரேஷன், புதுக் கண்ணாடி. அடுத்த மாதம் இரண்டு பேரும் அதே பூங்காவில் நிஜப் புலியைப் பார்த்துக் கைகோத்து நிற்கிறார்கள். இது உங்களுக்குப் பிடிக்கும். அதனாலேயே இதன்மேல் எனக்குச் சந்தேகம். உங்களைக் கொஞ்சி அனுப்ப எனக்கும் ஆசைதான், கண்ணுகளா. பொய்யைக் கொடுத்து அனுப்பத்தான் மனசில்லை.

7

ஒன்றை உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இது கற்பனையில்லை, என் காதால் கேட்டது.

சுற்று முடிந்து வண்டி நின்றது. அவர் ஒரு காலை நீட்டி, படியைத் துழாவி இறங்கினார். [படி உயரம். நானும் அப்படித்தான் இறங்கினேன். அதை வைத்து ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்.] கார்கள் நிற்கிற இடத்துக்கு அவர்கள் முன்னால் நடந்தார்கள், நான் பின்னால். சாவி அவர் கையில் இருந்தது. காருக்குப் பக்கத்தில் போனதும் நின்றார்.

"ஏம்மா, அந்தப் புலி என்ன பண்ணிட்டு இருந்துச்சு?"

தன்னால் பார்க்க முடியாததைத் தெரிந்துகொள்ளக் கேட்டாரா? அவள் புத்தி தடுமாறுகிறதா என்று பார்க்கக் கேட்டாரா? இல்லை, வலையைக் கண்டுகொண்டு அதை அவள் மேலேயே திருப்பி வீசினாரா? எனக்குத் தெரியவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் வேலை பார்த்ததில்லை.

அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, என்னை அழைத்துப்போக வந்த மருமகன் அந்தக் கோடியிலிருந்து ஹாரன் மேல் ஹாரன் அடித்தார். அவள் பதில் எனக்குக் கேட்கவில்லை.

"படுத்துத் தூங்கிட்டு இருந்துச்சு" என்று சொல்லியிருந்தால், அவர் கதவைத் திறந்திருப்பார். திங்கட்கிழமை பேத்தி பின் சீட்டில் ஏறியிருப்பாள். "அங்க புலியே இல்லீங்க" என்று சொல்லியிருந்தால், அவர் முகம் என்ன ஆகியிருக்கும் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. அந்த முகத்தோடு மிச்சக் காலத்தையும் வாழப்போகிறவள் அவள்.

நீங்கள் எழுதுங்கள். உங்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இளகிய மனசுக்காரர்கள் நீங்கள். அவருக்காகப் பாவம் பார்ப்பீர்கள். அந்தக் குழந்தை உங்களுக்கு யாரோதானே.

சாவி அவர் கையில்தான் இருக்கிறது. பதில் வராமல் கதவைத் திறக்க மாட்டார். முதல் சொல்லை மட்டும் நான் போட்டுத் தருகிறேன்.

"என்னங்க,