அறுபத்தைந்து ஷிப்ட்

கடிதம் எழுதித் தருவதற்கு மைதிலி யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கடிதத்தின் பொருள் என்ன என்பதைக் கேட்டு வந்தவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பஸ் பாஸ் தொலைந்துவிட்டது, ஃபீஸ் கட்ட பதினைந்து நாள் அவகாசம் வேண்டும், அக்கா கல்யாணத்துக்கு லீவு வேண்டும் என்று பி.காம். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். குன்னத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் பழகிய வரிசை அவள் கையை விட்டுப் போகவே இல்லை. முதலில் அனுப்புநர், அதன்கீழ் பெறுநர், ஒரு வரி இடம் விட்டுப் பொருள்.

அந்தப் புதன்கிழமை மதியம் முனீஸ் வந்து நின்றபோதும் அவள் தாளை எடுத்து, அனுப்புநர் என்று போட்டு, அவன் பெயரையும் அருள்புரம் முகவரியையும் எழுதிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

“பொருள்?”

“டி.சி. வேணுங்க.”

பேனா நின்றது. முனீஸ் அவளோடு ஒரே வகுப்பு. அவனுக்கு மூன்று வயதாக இருக்கும்போது விருதுநகர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்த குடும்பம். வீட்டில் ஒரு பேச்சு, கல்லூரியில் ஒரு பேச்சு. கூடப் படிப்பவளிடம் என்றைக்கும் ‘ங்க’ போட்டதில்லை. எதையாவது மறைக்கும்போது மட்டும் அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

“ஏண்டா, ‘ங்க’ போடறயே, என்ன திருட்டுத்தனம்? இன்னும் ஒன்றரை வருசந்தானே இருக்குது?”

“கம்பெனியில முழு ஷிப்ட்டு கூப்பிடறாங்க. போலாம்னு இருக்கேன்.”

“கடனா?”

அவன் மேசையில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தான். ‘வரவு செலவு ஆலோசனை மேசை, புதன் மதியம்’ என்று அதில் எழுதியிருந்தது. கடன் ஆப்களில் பிள்ளைகள் மாட்டிக்கொள்வதைப் பார்த்துவிட்டு, வணிகவியல் துறையின் சிவசுப்பிரமணியம் சார் இந்த ஆண்டுதான் நூலக வாசலில் இந்த மேசையைப் போடச் சொன்னார். மாணவர்களே மாணவர்களுக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மைதிலிதான் பொறுப்பு. அட்டையில் என்ன எழுதியிருந்தாலும் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கடங்காரன் பெஞ்சு’.

“படிவத்த நிரப்பு. அப்பறம் டி.சி.க்கு எழுதலாமா, வேண்டாமான்னு பாக்கலாம்” என்று அவள் ஒரு தாளை நீட்டினாள். அவளே வடிவமைத்த படிவம். மாத வருமானம், அவசியச் செலவு, ஆசைச் செலவு, கடன் என்று நாலு கட்டம்.

முனீஸ் கடன் கட்டத்தை முதலில் நிரப்பினான். லேப்டாப் தவணை இரண்டாயிரத்து எண்ணூறு வீதம் இன்னும் ஐந்து. தவணை தவறிய அபராதம் ஆயிரத்து அறுநூறு. ஆப் கடன் இரண்டு, ஒன்று ஆறாயிரம், ஒன்று நாலாயிரத்து நானூறு. எல்லாம் சேர்த்து இருபத்தாறாயிரம். பஸ், ரீசார்ஜ், டீ எல்லாம் எழுதினான். மாத வருமானம் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

“இதென்னொ, மேல இருக்கறது வெறுமனே கெடக்குது?”

“அது தெரியாது.”

“உன்ற சம்பளம் உனக்குத் தெரியாதா?”

“வாரம்னா சொல்லுவேன். சாயங்காலம் மூணு நாள் அரை ஷிப்ட்டு, சனிக்கிழமை ஒரு ஷிப்ட்டு. ரெண்டரை ஆகுது. ஆயிரம் ரூவா.”

“அப்ப மாசம் நாலாயிரம். நாலால பெருக்கறதுக்குக் கூடவா பி.காம். படிக்கோணும்?” அவள் கட்டத்தில் 4000 என்று எழுதினாள். கழித்துப் பார்த்தாள். தவணை கட்டி, பஸ்ஸுக்குப் போக, கொஞ்சம் மிஞ்சியது. “பத்தலைன்னு சொல்ல முடியாதே. அப்ப காசு எங்கெ போகுது? தட்டுவடையா, பிரியாணியா?”

பின்னால் வரிசையில் நின்ற இளங்குமரன், “ஆசைச் செலவுல ஆளு பேர எழுதச் சொல்லு மைதிலி, வெளிய வந்துரும்” என்றான். நாலு பேர் சிரித்தார்கள்.

முனீஸ் சிரிக்கவில்லை. “நான் பிரியாணி தின்னு மூணு மாசம் ஆச்சு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பொருள் எழுதாத கடிதம் மேசையிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் குன்னத்தூர் பஸ் ஏறியவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் மனம் உட்காரவில்லை. மூன்று மாதம் என்று அவன் சொன்ன விதம் காதிலேயே நின்றது. முன் சீட்டில் இரண்டு பெண்கள், தலையிலும் தோளிலும் பஞ்சுத் தூசியோடு பேசிக்கொண்டு வந்தார்கள்.

“போன வாரம் உனக்கு எத்தனை ஷிப்ட்டுங்கக்கா?”

“நாலரை. ஆர்டர் இல்லைன்னு ரெண்டு நாள் அனுப்பிச்சுட்டாங்க. அதுக்கு முந்தின வாரம் எட்டு.”

“எனக்கும் அப்பிடித்தான். தீபாவளிக்கு முன்னாடி ஒன்பது ஓடுச்சு.”

ரூபாய் என்ற சொல்லே அந்தப் பேச்சில் வரவில்லை. மாதம் என்ற சொல்லும் வரவில்லை. மைதிலி ஜன்னல் பக்கமிருந்து திரும்பி அவர்களையே பார்த்தாள். அவளுடைய அப்பா பூபாலன் மின்வாரியத்தில் லைன்மேன். மாதக் கடைசி நாள் சம்பளம் பேங்கில் விழும், போனில் மணி அடிக்கும், அம்மா மளிகைச் சீட்டு எழுத உட்காருவாள். அவள் வீட்டில் சம்பளம் என்பது ஒரு தேதி. இந்த ஊருக்கு அது ஒரு கிழமை. தன் வீட்டுக் காலண்டரை வைத்து ஊருக்கே படிவம் அடித்திருக்கிறோம் என்று தோன்றியதும் முகம் சூடானது.

பஸ்ஸிலேயே போன் செய்தாள். நாலாவது மணியில் எடுத்தான்.

“முனீசு, மத்தியானம் பேசுனது தப்பு. மன்னிச்சுக்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். லேப்டாப் தவணை என்ன தேதி?”

“மூணு.”

“மூணுன்னு வெச்சது ஆரு?”

“நாந்தான். கடையில சம்பளம் என்னைக்குன்னு கேட்டாங்க. சனிக்கிழமைன்னேன். கிழமை வேண்டாம், தேதி சொல்லுன்னாங்க. அன்னைக்கு சனிக்கிழமை. காலண்டரப் பாத்தேன், தேதி மூணு. மூணுன்னு சொல்லிட்டேன்.”

மைதிலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அதுக்கப்பறம் மூணாந்தேதி சனிக்கிழமையா வந்துச்சா?”

“ஒரு தடவை வந்துச்சு. அன்னைக்கும் பவுன்ஸ் ஆயிருச்சு. அவங்க காலையில எடுக்கறாங்க, எங்களுக்கு ராத்திரிதான் குடுப்பாங்க. அந்தத் தவணையயும் அபராதத்தயும் கட்டத்தான் ஆப்ல எடுத்தேன். ஆறாயிரம்னான், கைக்கு வந்தது நாலாயிரத்து இருநூறு. அதக் கட்ட இன்னொண்ணு.” பின்னால் கம்பெனி மெஷின் சத்தம் கேட்டது. “நான் ஊதாரி இல்ல மைதிலி.”

“தெரியுது” என்றாள். பஸ் ஆள் இறக்க நின்று, மறுபடி கிளம்பியது. “நாளைக்கு மத்தியானம் வா. வேற படிவம் கொண்டாரேன்.”

மறுநாள் அவள் கொண்டுவந்தது வெறும் தாள். முதல் வரியில் ‘ஒரு ஷிப்ட் = நானூறு’ என்று இருந்தது. அதன்கீழ் கடன்களை ரூபாயில் எழுதாமல் ஷிப்டில் எழுதியிருந்தாள். லேப்டாப் முப்பத்தைந்து. அபராதம் நாலு. ஆப் இரண்டும் இருபத்தாறு. ஆக அறுபத்தைந்து.

முனீஸ் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். “அறுபத்தஞ்சுதானா?” என்றான். இருபத்தாறாயிரத்தைச் சொன்னபோது தொங்கிய தோள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. மூன்று வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கணக்கு அது.

“முழு நேரம் போனா வாரம் எத்தனை செய்வே?”

“ஒன்றரை ஒன்றரையா ஆறு நாள். ஒன்பது.”

“அறுபத்தஞ்ச ஒன்பதால வகுத்தா எட்டு வாரம் கூட இல்லை. நம்ம கோடை லீவு எத்தனை வாரம்?”

“எட்டு” என்றவன், பிறகு மெதுவாக, “லீவுக்குள்ள அடங்கற கடனுக்கா நான் டி.சி. கேட்டேன்?” என்றான்.

“லீவு வரைக்கும் லேப்டாப் தாங்கும். உன்ற நாலு வாரச் சம்பளமே ஒரு தவணைக்குப் போதும். ஆப்பு தாங்காது. அது நாளுக்கு நாள் குட்டி போடும். அந்த இருபத்தாற இந்த வாரமே முடிக்கோணும்.” அவள் பேனா மூடியைப் போட்டாள். “ஊட்டுல சொல்லோணும் முனீசு.”

“அதுக்கு டி.சி.யே வாங்கிருவேன்.” அவன் குரல் சட்டென்று இறுகியது. “எங்கம்மா பனியன் செக்கிங் டேபிள்ல நின்னு நின்னு முட்டி வீங்கிக் கெடக்கு. சொன்னா நாளையில இருந்து தினம் ஒன்றரை ஷிப்ட்டு போகும். உன் தாள்ல அதுக்கு ஒரு கட்டம் இருக்கா?”

மைதிலி தாளை மடித்துப் பையில் வைத்தாள். “நானும் கூட வாரேன்” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அருள்புரத்தில், ஒரே வரிசையில் எட்டுக் கதவுகள் இருந்த லைன் வீட்டில் மூன்றாவது கதவின் முன் அவள் செருப்பைக் கழற்றினாள். முனீஸின் அப்பா பெரியகருப்பன் சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட் முடித்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா முத்துப்பேச்சி வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“வா தாயி. லெட்டர் எழுதற புள்ள நீதானா? ஒல்லியா இருக்க. இவன் சொன்ன பேச்சுக்கு நான் பெரிய டீச்சரம்மான்னுல்ல நெனச்சேன்!”

டீ வந்தது. மழை, பஸ், குன்னத்தூர்ச் சந்தை என்று பேச்சு எங்கெங்கோ போனது. முனீஸ் வாயைத் திறக்கிற வழியாக இல்லை. முத்துப்பேச்சியே பூண்டைத் தட்டில் போட்டுக்கொண்டு, “ஏலே, ஒரு மாசமா எனக்கு இந்தியில எவனோ போன் போடறான். ஒன் பேரு மட்டும் புரியுது. நானும் ‘ராங் நம்பரு’ன்னு வச்சுக்கிட்டே இருக்கேன். அது ராங் நம்பரு இல்லைன்னு நீயா எப்பச் சொல்லுவன்னு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றாள்.

முனீஸ் தலை குனிந்தான். “கடன்ம்மா. இருபத்தாறாயிரம்.”

பூண்டு உரித்த விரல்கள் நின்றன. “இருபத்தாறாயிரமா?” என்ற குரலில் காற்றே இல்லை. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், முட்டி விடவில்லை.

மைதிலி அவசரமாக முன்னால் குனிந்தாள். “ஏனுங்கம்மா, அறுபத்தஞ்சு ஷிப்ட்டுங்க.”

முத்துப்பேச்சி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடது கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள். பனியனைப் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணிக் கட்டிப் பழகிய கை. “அஞ்சு டசனும் ஒரு அஞ்சும்” என்றாள். மூச்சு திரும்பி வந்திருந்தது. “அதுல வட்டி ஏறற சனியன் எம்புட்டு?”

“இருபத்தாறுங்க.”

“அத நான் எடுத்துக்கறேன்.”

“அம்மா, நீ ஒன்றரை போகக் கூடாது” என்றான் முனீஸ். பேச்சுக்கு முன்னால் கண் கலங்கிவிட்டது. “போனா நான் காலேஜுக்குப் போகமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

“யாருலே இவன், சூப்பர்வைசரு! எனக்கே ஷிப்ட்டுப் போடறான்.” அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கை அங்கேயே தங்கிவிட்டது. “நான் ஏன் போறேன்? தீபாவளி போனசு பதினோராயிரம் போஸ்ட் ஆபீசுல கெடக்கு. பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சேலை எடுத்துக் குடுக்கலாம்னு இருந்தேன். சேலை இல்லைன்னு சொன்னா ஊருக்குள்ள விடாமயா போயிருவாக? மிச்சம் முப்பத்தொம்பதும் ஒன்னோடது. எனக்கு ஒரு ஷிப்ட்டு குறையக் கூடாது.”

மைதிலி தாளின் அடியில் ஒரு வரி சேர்த்தாள். என்ன என்று முத்துப்பேச்சி எட்டிப் பார்க்க, படித்துக் காட்டினாள். “பங்குனிப் பொங்கல், ஊருக்குப் போய் வர, ஆள் ஒன்றுக்கு ரெண்டு ஷிப்ட். இது அவசியச் செலவுல வருதுங்க.”

முத்துப்பேச்சி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதன்பிறகு மைதிலி பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். புதன்கிழமை பாதியில் நின்றுபோன அதே கடிதம். அனுப்புநர் இருந்தது. பெறுநர் என்ற இடத்தில் கல்லூரி முதல்வருக்குப் பதிலாக லேப்டாப்புக்குக் கடன் கொடுத்த பைனான்ஸின் மேலாளரை எழுதினாள்.

“பொருள்?” என்று முனீஸைக் கேட்டாள்.

அவன் தொண்டையைச் செருமினான். “தவணைத் தேதியை மூணுல இருந்து பத்துக்கு மாத்தச் சொல்லி. எந்த மாசமா இருந்தாலும் பத்துக்குள்ள ஒரு சனிக்கிழமை வந்துரும்.” ‘ங்க’ இல்லை.

அவள் எழுதினாள். ஐயா என்று தொடங்கி, வாரச் சம்பளம் என்பதை விளக்கி, அபராதத்தில் குறைத்துத் தர முடியுமா என்ற வேண்டுகோளையும் பணிவாகச் சேர்த்து, முழுவதையும் ஒருமுறை படித்துக் காட்டினாள். முத்துப்பேச்சி கண்ணை மூடிக் கேட்டாள்.

“சம்பளம் சனிக்கிழமை ராத்திரிதான் கைக்கு வரும்னு போட்டியா?”

“போட்டிருக்குதுங்க.”

“அத ரெண்டு தடவை போடு தாயி. ஒரு தடவை சொன்னா அவுகளுக்குப் புரியலையே.”

இரண்டாவது முறையும் எழுதினாள். இப்படிக்கு என்பதன்கீழ் முனீஸ் கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடப் போனபோது முத்துப்பேச்சி கையை நீட்டினாள்.

“இங்க குடு.”

“நீ எதுக்கும்மா? கடன் என் பேர்ல இருக்கு.”

“பேரு ஒன்னோடதா இருக்கட்டும். சனிக்கிழமை ரெண்டு பேரோடதும்ல.”

பூண்டு வாடை அடிக்கும் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளை முட்டியின் மேல் வைத்து, மகன் பெயருக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக, கோடு தாண்டாமல், முத்துப்பேச்சி தன் பெயரை எழுதத் தொடங்கினாள். அவள் எழுதி முடிக்கிறவரை மைதிலியும் முனீஸும் தாளின் இரண்டு ஓரத்தையும் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.