அபோலினாரியின் தாடி

கிம்புங்கா என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் சூறாவளி. மொரோகோரோவில் அந்தப் பெயரில் ஒரு கால்பந்து அணி இருக்கிறது. பதினொரு வருடமாக நான் அதன் ஆதரவாளன். இத்தனை வருடத்தில் அந்தச் சூறாவளி எதிரணியின் வலையை அசைத்த தடவைகளை என் கைவிரல்களில் எண்ண முடியாதுதான்; கால்விரல்களையும் சேர்த்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

உள்ளூரில் வருடத்துக்கு இரண்டு ஆட்டம் ஜெயிப்போம். அதில் ஒன்று, எதிரணியின் பஸ் வழியில் படுத்துவிட்டதால் கிடைத்ததாக இருக்கும். அதற்கும் மேளம் அடித்துக்கொண்டு தெருவைச் சுற்றி வருவோம். ஆனால் வெளியூர் போனால் தோல்விதான். போகிற பஸ்ஸிலேயே பையன்கள் தோற்ற முகத்தோடு ஏறுவார்கள், திரும்பும்போது முகத்தை மாற்ற வேண்டியிருக்காது.

நான் முடி திருத்துபவன். என் சலூன்தான் கிம்புங்கா ஆதரவாளர் சங்கத்தின் தலைமை அலுவலகம். கிளை அலுவலகமும் அதுவே, கிளைகள் இல்லாததால். தலைவர் ஃபிதேலிஸ் லுகோங்கோ நகராட்சியில் முப்பது வருடம் கோப்புகளை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்தி ஓய்வு பெற்றவர். வரும்போது ரப்பர் முத்திரையைக் கையோடு கொண்டுவந்துவிட்டார் என்று சொல்வார்கள். அது பொய். சங்கத்துக்கென்று புதிதாகச் செய்ததுதான், பழையதைவிடப் பெரியது. ஆறு கோல் வாங்கித் தோற்றால் அவர் கூட்டக் குறிப்பில் "ஆறு கோல் வித்தியாசத்தில் போட்டியளித்தோம்" என்று எழுதி முத்திரை குத்துவார்.

எங்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குழுவும் உண்டு. எல்லா அணிக்கும் உண்டு, எவரும் வாய்விட்டு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எதிரணி தன் வாசலில் என்ன மந்திரித்துப் புதைத்திருக்கிறது, நம் பையன்கள் எந்த வழியாக மைதானத்துக்குள் நுழைய வேண்டும், எந்தக் கம்பத்தில் எதைத் தடவ வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குழுவின் துறை. குழு என்றால் கரி வியாபாரி முஷிண்டோ ஒருவர்தான். போன வருடம் டோடோமாவில், வாசலில் ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று சொல்லி, அணி முழுவதையும் சுற்றுச்சுவர் ஏறிக் குதிக்கச் சொன்னார். குதித்ததில் கோல்கீப்பரின் கணுக்கால் பிசகியது. ஐந்து கோல். "வாசல் வழியா போயிருந்தா பத்து," என்றார் முஷிண்டோ. அவரை யாரால் மறுக்க முடியும்?

இவர்கள் நடுவில்தான் அபோலினாரி குனாம்பி இருந்தார். சந்தையில் தக்காளி, கேரட் மூட்டைகளை நிறுப்பவர். மலையிலிருந்து மூட்டை சுமந்து வரும் பெண்கள், பக்கத்தில் இரண்டு தராசு சும்மா இருந்தாலும், அவர் தராசுக்குத்தான் வரிசையில் நிற்பார்கள். பொய் சொல்லத் தெரியாதவர் என்று பெயர். அந்தப் பெயர்தான் அவரை மாட்டிவிட்டது.

பதினெட்டு மாதத்துக்கு முன்னால், தபோராவில் அந்த ஆறு கோல் வாங்கிய அன்று, அவர் என் சலூன் பெஞ்சில் ஏறி நின்று சொன்னார்: "கிம்புங்கா வெளியூர்ல ஜெயிக்கிற வரைக்கும் என் தாடியில கத்தி படாது!"

கோபத்தில் மனிதன் ஆயிரம் சொல்வான். ஆனால் தலைவர் அதை எழுதி, அபோலினாரியிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, என் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவிட்டார். மூன்று வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தார் அபோலினாரி. தாடி முதலில் கழுத்தை மூடியது. பிறகு சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தொட்டது. சந்தையில் சின்னக் குழந்தைகள் அவரைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டன.

இந்த நிலையில் அவர் மகள் ஸ்கோலாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை தாருஸ்ஸலாம்காரன். சம்பந்தி அங்கே வருடாவருடம் கோப்பை தூக்கும் பெரிய அணியின் ஆதரவாளர். நிச்சயத்துக்கு வந்தவர் தாடியின் கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த சோடா அவர் கால்சட்டையில் கொட்டியது. அது ஸ்கோலாவுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது.

சனிக்கிழமை காலை சர்ச்சில் கல்யாணம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரிங்காவில் கிம்புங்காவுக்கு ஆட்டம். நான்கு மணிக்கு அபோலினாரியும் தலைவரும் முஷிண்டோவும் என் வானொலியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, ஸ்கோலா நேராகச் சலூனுக்கு வந்து சவர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கையில் மருதாணி இன்னும் காயவில்லை.

"அப்பா, நாளைக்கு எடுக்கிற கல்யாண போட்டோவை அவங்க வீட்டுக் கூடத்துல மாட்டப் போறாங்க. வர்றவன் போறவன் எல்லாம் பார்ப்பான். மாமனார் ஒவ்வொருத்தனுக்கும் தாடிக்கதை சொல்லுவாரு. இன்னிக்கு எடுத்துடுங்க."

"ஜெயிச்சா எடுத்துடறேன்மா."

"ஜெயிக்கலைன்னா?"

அபோலினாரி கண்ணாடிக்கு மேலே இருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"எனக்காக ஒரு தடவை பொய் சொல்லக் கூடாதா?"

"உனக்காகச் சொல்லலாம். திங்கக்கிழமை தராசுப் பக்கத்துல நின்னுக்கிட்டு, இது அம்பது கிலோன்னு நான் சொன்னா யாரு நம்புவாங்க?"

வானொலியில் ஆட்டம் தொடங்கியது. இந்தத் தடவை முஷிண்டோவின் உத்தரவுப்படி பையன்கள் வாசல் வழியாகவே, ஆனால் பின்புறமாக நடந்து உள்ளே போயிருந்தார்கள். வர்ணனையாளர் அதை "புதிய உடற்பயிற்சி முறை" என்று பாராட்டினார். முதல் பாதியில் கோல் இல்லை. எங்களுக்கு அதுவே கூட்டம் கூடச் சொல்லும் செய்தி. சலூன் வாசலில் பதினைந்து பேர் நின்றார்கள்.

எழுபத்தோராவது நிமிடத்தில் கிம்புங்காவுக்கு கோல். இரிங்கா தடுப்பாட்டக்காரன் பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்டான், கோல்கீப்பர் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். கோல் அவர்கள் போட்டதுதான். ஆனால் கணக்கு எங்கள் பக்கம். முஷிண்டோ கரி படிந்த கையால் என் வெள்ளைத் துண்டை எடுத்துச் சுழற்றினார்.

"பார்த்தீங்களா? பின்னாடி நடந்தா எதிரி பின்னாடி தட்டுவான்!"

நிமிடங்கள் நகர்ந்தன. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. எண்பது ஆனதும் தலைவர் எழுந்தார், தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே. நிலைமையை எல்லாக் கோணத்திலயும் ஆராய்ஞ்சு, வெற்றி நம்ம கையில வந்துட்டதா இந்தத் தலைமை முடிவு பண்ணுது. தாடியை எடுக்க அனுமதி வழங்குறேன்."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு தலைவரே," என்றார் அபோலினாரி.

"தலைமையை நம்பலியா நீ?"

"ஆட்டம் முடியட்டுமே."

"அண்ணே, இது என்ன சின்னத் தாடியா? இப்ப ஆரம்பிச்சாத்தான் விசில் ஊதறப்போ முடியும்," என்றார் முஷிண்டோ.

ஸ்கோலா எழுந்து நாற்காலியைக் காலி செய்தாள். அப்பாவை மட்டும் பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெயித்துப் பழகிய ஊராக இருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது. அவர்களுக்கு எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியும். நாங்கள் வழக்கமாக எண்பதாவது நிமிடத்தில் வானொலியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள். அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை யாரும் முழுதாகக் கேட்டதே இல்லை. நானும் ஒன்றும் பெரிய புத்திசாலியாக இருக்கவில்லை. பதினெட்டு மாதமாக அந்தத் தாடியைப் பார்த்துப் பார்த்து என் கை அரித்துக்கொண்டிருந்தது.

கத்தரிக்கோலால் இடது பக்கத்தைக் குறைத்தேன். கொத்துக் கொத்தாக விழுந்தது. சோப்பு நுரை போட்டுச் சவரக் கத்தியை வைத்தேன். இடது கன்னம் வெளிச்சத்துக்கு வந்தது, உரித்த முட்டை மாதிரி, மற்ற முகத்தைவிட இரண்டு வயது இளமையாக. ஸ்கோலா "அப்பா!" என்றாள். எல்லோரும் கைதட்டினார்கள். தொண்ணூறு முடிந்தது. நடுவர் நான்கு நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார். தலைவர் முத்திரையை வெளியில் எடுத்து ஊதினார்.

மூன்றாவது கூடுதல் நிமிடத்தில் இரிங்கா கோல் போட்டது.

நான் கத்தியை எடுக்காமலே வானொலிப் பக்கம் திரும்பிவிட்டேன். இடது கன்னத்தில், காதுக்கு இரண்டு விரல் கீழே, ஒரு கோடு. ரத்தம் நுரையில் இறங்கியது. வானொலியில் விசில் ஊதினார்கள். ஒன்றுக்கு ஒன்று.

தலைவர்தான் முதலில் தேறினார். அவர் பதவி அப்படிப்பட்டது.

"வெளியூர்ல டிரான்னா, ஒரு வகையில பார்த்தா, அது தார்மீக வெற்றி. அப்படிப் பொருள் கொள்ள விதியில இடம் இருக்கு."

"என்ன விதி?"

"எழுதிக்கலாம்."

அபோலினாரி கண்ணாடியில் தன்னைப் பார்த்தார். இடது பக்கம் ஒரு மனிதன், வலது பக்கம் ஒரு புதர். பிறகு துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெயிக்கிற வரைக்கும்னு சொன்னேன். ஜெயிக்கல."

"அதான் கத்தி பட்டாச்சேப்பா!" என்று நான் கெஞ்சினேன். "சபதம் போச்சு. மீதியையும் எடுத்துடறேன், ரெண்டு நிமிஷம்."

"இது நான் ஏமாந்தது. மீதி நான் தெரிஞ்சு செய்யறது. ரெண்டும் ஒண்ணா?"

தலைவர் தன் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தார். எல்லோரும் ஸ்கோலாவைப் பார்த்தோம். அவள் கண்ணில் நீர் முட்டியிருந்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அப்போது முஷிண்டோ சுவரில் இருந்த கரும்பலகையை மெதுவாகத் தொட்டார். வெளியூர்ப் புள்ளிகள் என்று ஒரு கட்டம் அதில் உண்டு. பதினெட்டு மாதமாகக் காலி.

"டேய்," என்றார் அவர். "இதுல ஒண்ணு போடணுமில்ல?"

நாங்கள் தோற்கவில்லை என்பது அப்போதுதான் எங்கள் மண்டையில் ஏறியது. அவர் சாக்பீஸால் அந்தக் கட்டத்தில் ஒன்று போட்டார், கட்டம் நிறைகிற அளவுக்குப் பெரிதாக. வாசலில் ஒருவன் கத்தினான். எவனோ மேளத்தைக் கொண்டுவந்துவிட்டான். வெளியூரில் மூன்று புள்ளி வாங்கினால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது, இந்த ஒன்று நன்றாகத்தான் இருந்தது. தெருவில் ஆடினோம். பாதித் தாடியோடு அபோலினாரியும் ஆடினார், கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு. அதைப் பார்த்து ஸ்கோலா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு தாங்கவில்லை. மருதாணிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

மறுநாள் காலை அபோலினாரி கோட்டு போட்டு, மகளின் கையைப் பிடித்துச் சர்ச்சின் நடுவில் நடந்து வந்தார். இடது கன்னத்தில் பெரிய வெள்ளை பிளாஸ்டர். ஒரு பக்கத்து பெஞ்சுக்காரர்கள் தாடி வைத்த அப்பாவைப் பார்த்தார்கள், மறு பக்கத்துக்காரர்கள் அடிபட்ட அப்பாவைப் பார்த்தார்கள். பாதிரியார் இரண்டையும் பார்த்துவிட்டு ஜெபப் புத்தகத்தில் முகத்தை வைத்துக்கொண்டார்.

பிறகு சர்ச் படிக்கட்டில் போட்டோ. சம்பந்தி சும்மா இருப்பாரா?

"சம்பந்தி, மீதிப் பாதி எப்போ? அடுத்த டிராவுக்கா?"

அபோலினாரி சிரித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. மணப்பெண் திறந்தாள்.

"மாமா, போன மாசம் உங்க டீம் கோப்பை ஜெயிச்சப்போ என்ன பண்ணினீங்க?"

"என்ன பண்றது? டிவியை அணைச்சுட்டுச் சாப்பிட்டோம்."

"நேத்து ஒரு டிராவுக்கு எங்க தெருவே ஆடுச்சு. பாவம் மாமா நீங்க."

படிக்கட்டில் எங்கள் சங்கம் போட்ட கூச்சலில் புகைப்படக்காரர் கேமராவைக் கீழே போடப் பார்த்தார். சமாளித்துக்கொண்டு அபோலினாரியை மகளுக்கு இடது புறம் நிறுத்தி, அவளைப் பார்க்கச் சொன்னார். அப்படி நின்றால் மழித்த கன்னம்தான் படத்தில் விழும். நல்ல யோசனை என்று நினைத்தோம். ஸ்கோலா அப்பாவின் முகத்தையும் பிளாஸ்டரையும் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"வேண்டாம். இந்தப் பக்கம் பார்த்தா யாரோ அடிச்ச மாதிரி இருக்கு. அப்பா, நீங்க இப்படி வாங்க." அவரைத் தோளைப் பிடித்துச் சுற்றி, தன் வலது புறம் கொண்டுவந்து நிறுத்தினாள். தாடியை விரலால் ஒரு தடவை கோதிவிட்டாள். "இப்ப எடுங்க."

அந்தப் படம் தாருஸ்ஸலாமில், கோப்பைப் படங்களுக்கு நடுவில், கூடத்துச் சுவரில் இருக்கிறதாம். கோட்டு போட்ட தாடிக்காரத் துறவி மாதிரி இருக்கிறார் என்று தலைவர் சொன்னார். அதையும் கூட்டக் குறிப்பில் எழுதி முத்திரை குத்தினார்.

திங்கட்கிழமை சந்தையில் மலைப்பெண்கள் அவரை விடவில்லை. "தராசு நேரா நிக்குது, நிறுக்கிறவர்தான் ஒரு பக்கம் சாஞ்சிருக்காரு!" வரிசை மட்டும் வழக்கத்தைவிட நீளம்.

சாயங்காலம் தலைமுடி வெட்டிக்கொள்ள என் கடைக்கு வந்தார். இடது பக்கம் கடுகு அளவுக்கு முளைத்திருந்தது. "வலது பக்கத்தைக் கொஞ்சமாவது குறைக்கட்டுமா? பார்க்க நல்லா இல்லியே," என்றேன்.

"வேண்டாம்பா. இது வளர்ந்து அதைப் பிடிக்கட்டும்."

"பிடிக்க ஒன்றரை வருஷம் ஆகுமே?"

அவர் கண்ணாடியில் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நம்ம டீமு தெரியாதா உனக்கு? நேரம் நிறைய இருக்கு."

சனிக்கிழமை சிங்கிடாவில் ஆட்டம். அபோலினாரி அரை மணி முன்னதாகவே வந்து வானொலிக்குப் பக்கத்தில் இடம் பிடித்தார். நான் சவரக் கத்தியைத் துடைத்து, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை முஷிண்டோவிடம் கொடுத்தேன், விசில் ஊதுகிற வரைக்கும் எனக்கே தரக்கூடாது என்று சொல்லி.