வெள்ளிக்கிழமைப் பாடம்

செல்லம் பாடக் கொப்பிகள் ஒன்பதையும் அரிசிச் சாக்குக்குப் பின்னால் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, குசினி வாசலில் மகேசன் நின்றான்.

கீழ்வீட்டுக்காரன். அவளுடைய கணவர் அரியரத்தினத்தோடு ஒரே கப்பல் கொம்பனியில் வேலை செய்தவன். நேற்று அவர் இறந்ததிலிருந்து ஆஸ்பத்திரி, விசாவுக்குப் பொறுப்பான கஃபீல், கோயில் என்று ஓடி எல்லாக் கடுதாசிகளிலும் கையெழுத்து வாங்கி வந்திருந்தான். சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை இல்லை. நாலு மணிக்கு இந்த வளைகுடா ஊரில், மனாமாவிலேயே அடக்கம்.

"அக்கா, மாஸ்டரின்ர கொப்பியளைத் தாங்கோ. அடக்கத்தில ஒரு பாடம் வாசிக்கட்டாம். பிறகு எல்லாத்தையும் அச்சடிப்பம் எண்டு ஃபாதர் சொல்லுறார்."

அரியரத்தினம் ஊரில் வாத்தியார், இங்கே கிளார்க். வெள்ளிக்கிழமை லீவில் அவர்கள் இருந்த குதைபியாப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளை முன்னறையில் இருத்தி ஞானோபதேசம் சொல்லுவார். எதைத் தொடங்கினாலும் புனித ஈசாக்கில் போய் நிற்பார். ஆயிரத்து முந்நூறு வருடங்களுக்கு முன் இந்தக் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். நினிவேக்கு ஆயராக்கினார்கள். ஐந்து மாதத்தில் அதை விட்டுவிட்டுத் தனிமைக்குப் போனார். பறவைக்கும் பாம்புக்கும், பேய்க்கும்கூட இரங்கி அழச் சொன்னவர். வாசித்து வாசித்தே கண் போனவர். பிழைக்க வந்த இடத்தில் ஒரு புனிதரும் கிடைத்திருக்கிறார், இதற்கு நன்றி சொல்ல வேண்டாமா என்று அரியரத்தினம் பிள்ளைகளைக் கேட்பார்.

மூன்று வருடத்துக்கு முன் சீனி வருத்தத்தில் அவருக்கும் கண் போனது. மனேஜர் அவரை ஊருக்கு அனுப்பாமல் டெலிஃபோன் எடுக்கும் வேலைக்கு மாற்றினார். அதற்கும் அரியரத்தினம் நன்றி சொன்னார். வீட்டில் அவர் பாடம் சொல்ல, செல்லம் எழுதினாள். வெள்ளிக்கிழமை அவர் பக்கத்தில் இருந்து அவளே வாசித்தாள்.

மகேசன் காத்துக்கொண்டு நின்றான். செல்லம் சுவரைப் பார்த்தபடி நடந்ததைச் சொன்னாள். அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அவர் சொல்லும் வேகத்துக்குக் கை ஓடாது. திரும்பக் கேட்க வெட்கம். விடுபட்ட இடங்களைத் தனக்குத் தோன்றியதை எழுதி நிரப்பினாள். முதலில் ஒரு சொல். பிறகு ஒரு வரி. இப்போது பாதிப் பக்கம். வாசிக்கும்போது அவர் நாடியை உயர்த்திக் கேட்டுக்கொண்டிருப்பார், ஒன்றும் சொன்னதில்லை. தான் சொன்னதையே மறந்துவிட்டார் என்று நினைத்தாள்.

"அவற்ர பேரில அச்சில வந்து, ஆராவது பிழை பிடிச்சால்? இவ்வளவு நாளும் அந்த மனுசனை ஏமாத்திப்போட்டன், மகேசன்."

மகேசன் சிரித்துவிட்டான். செத்தவீடு என்று நினைவு வந்து வாயைப் பொத்தினான்.

"டெலிஃபோனில மாஸ்டர் எப்பிடிக் கதைப்பார் தெரியுமோ? ஒவ்வொரு சொல்லா, மெதுவா, ஆறுதலா. மற்றப் பக்கத்தில நிக்கிற அரபி நித்திரையாப் போவான். வீட்டில மட்டும் ஏன் அந்த ஓட்டம் ஓடினவர்?"

செல்லம் அவன் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்டனான். 'ஆறுதலாச் சொன்னா அவள் நான் சொல்லுறதை அப்பிடியே எழுதிப்போடுவாள். பிறகு வெள்ளிக்கிழமையில எனக்குக் கேக்க என்ன இருக்கு' எண்டார்." அவன் ஓரடி உள்ளே வந்தான். "ஈசாக்குக்கும் கண் போன பிறகு சீடர்மார்தானாம் எழுதினவை. எது அவர் சொன்னது, எது அவையள் எழுதினது எண்டு ஆர் பிரிச்சுப் பாத்தது எண்டும் கேட்டவர்."

செல்லம் குனிந்து அரிசிச் சாக்கை இழுத்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் நாலு மணி வெயில் இறங்கவில்லை. ஃபாதர் செபம் முடித்து மகேசனைப் பார்த்தார். அவன் செல்லத்தின் பக்கம் நகர்ந்தான்.

"சைவக்காரன் நான் வாசிச்சா மாஸ்டர் எழும்பி வந்திடுவார். நீங்களே வாசியுங்கோ, அக்கா."

ஒன்பதாவது கொப்பி அவள் கைக்கு வந்தது. இத்தனை ஆண்கள் நடுவில் நின்று அவள் வாசித்ததில்லை. முதல் வரிகள் யாருக்கும் கேட்டிருக்காது. முன்னால் நின்ற பிள்ளைகள் இன்னும் கிட்ட வந்தார்கள். குரல் மெல்ல ஏறியது.

பக்கத்தின் நடுவில் ஒரு வரி: கண் போன பிறகு ஈசாக் காலையில் எழுந்ததும்.

நேற்று பாடம் சொல்லிக்கொண்டு வந்தவர் அந்த இடத்தில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அதன்கீழ் எழுத்தில்லாத வெறும் கோடுகள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செல்லம் தலை நிமிரவில்லை. விரலை அடுத்த கோட்டுக்கு இறக்கி, தொடர்ந்து வாசித்தாள்.