சேப்பல் தெரு பதினான்காம் எண் வீட்டு வால்வு

தென் வேல்ஸில், சேப்பல் தெரு பதினான்காம் எண் வீட்டில், இத்வால் பிரைஸின் மூச்சு 1987 அக்டோபரிலிருந்து, வீட்டைச் சூடாக்கும் சமையலறைப் பாய்லரின் கேஸ் வால்வு வழியாகத்தான் போய்வந்துகொண்டிருந்தது. முப்பது வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் தூசி தின்ற நுரையீரல் இரண்டு வாரம்கூடத் தாங்காது என்று கைவிரித்து ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அன்று மாலையே புதுப் பாய்லரை மாட்டிப் பற்றவைக்க, அது 'ஹும்' என்றதும் இவர் மார்பு மேலே எழுந்தது. வால்வு திறந்தால் உள்மூச்சு, மூடினால் வெளிமூச்சு. ஊர் டாக்டர் வந்து கடிகாரத்தை வைத்துப் பார்த்துவிட்டு, சரி, பாய்லரை அணைக்காதீர்கள் என்று சொல்லிப் போனார். இத்வாலின் மனைவி எயர்லிஸ் அணைக்கவில்லை. ஜூலை வெயிலிலும் வீடு வெந்துகொண்டிருக்கும், ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், இத்வால் பனியனோடு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். வாசலைத் தாண்டினால் மூச்சு நின்றுவிடும் என்பதால் இருபத்திரண்டு வருஷம் தாண்டவே இல்லை.

2009 ஜனவரியில் வால்வு ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. திறக்கும், மூடாது. இத்வால் இழுத்த மூச்சை விட வழியில்லாமல் கண் பிதுங்கி முகம் நீலமாகிப் போவார். எயர்லிஸ் மரக்கரண்டியால் வால்வின் தலையில் ஒரு போடு போடுவாள். அது மூடும், அவர் மூச்சு விடுவார். பிப்ரவரி பிறந்தபோது நாளுக்கு நாற்பது அடி விழுந்துகொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று வளர்ந்த பெண்பிள்ளை. அடி வாங்கி வாங்கி வால்வு கசிந்தது. பக்கத்து வீட்டு நெரிஸ், பதினொரு நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, என்ன வாடை என்று கேட்டாள். முட்டைக்கோஸ் வேகுது என்று சிரித்துக்கொண்டே சொல்லிக் கதவைச் சாத்தினாள் எயர்லிஸ். சாத்தியதும் அவமானத்தில் அவளுக்கு அழுகை வந்தது. நெரிஸ் நேரே போய் கேஸ் மெக்கானிக் கெத்தினுக்குப் போன் போட்டாள்.

கெத்தின் வந்து, கசிவைப் பார்க்கச் சோப்புத் தண்ணீரைத் தடவினான். வால்வு முழுக்க நுரை கொப்பளித்தது.

"ஆன்ட்டி, இது குண்டு. நான் பாத்துட்டேன், பாக்காத மாதிரி போக முடியாது. கேஸை மூட நீங்க ஒத்துக்கலைன்னா கேஸ் ஆபீஸ்ல சொல்லுவேன், அவங்க தெருவுலயே மூடிடுவாங்க."

"மூடித்தான் பாரேன். மூடுற கையை இந்தக் கரண்டியாலயே ஒடிக்கிறேன்."

வால்வு மூடும்போதுதான் இத்வாலுக்குப் பேச்சு வரும், அதனால் துண்டு துண்டாகப் பேசினார். "சுரங்கத்துல கேஸ்னா... மொதல்ல ஆளுங்கள மேல ஏத்துவோம்... பக்கத்துல பச்சப்புள்ள இருக்கு, எயர்லிஸ்... மூடச் சொல்லு."

"யோவ், நீ செத்துட்டா நான் யாரோட சண்டை போடுறது?" என்று கத்தினாள் அவள். கரண்டியை மட்டும் கீழே வைத்துவிட்டாள்.

அந்த மாடல் வால்வு செய்வதை நிறுத்திப் பல வருஷமாகியிருந்தது. கெத்தின் நாலு ஊருக்குப் போன் போட்டு, ஸ்வான்சியில் ஒரு பழைய கடையின் மேல்தட்டில் டப்பா பிரிக்காத ஒன்றைப் பிடித்தான். அது வந்து சேரும்வரை இரண்டு மணி நேரம் ஜன்னலையும் கதவையும் திறந்துவைத்து, கையில் நுரையோடு காவல் நின்றான். மாட்டுவதற்கு நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷத்துக்கு மூச்சு எங்கே? பாட்டுக்குப் பேர்போன வேல்ஸில் ஒருவன் மூளை எங்கே போகுமோ அங்கேதான் கெத்தினின் மூளையும் போனது. ஊரின் ஆண்கள் பாடற்குழுவில் நீண்ட ஸ்வரம் பிடிக்கும்போது ஒருவர் மூச்செடுக்க மற்றவர் பிடிப்பார், சத்தம் அறுபடாது. பதினொரு மணிக்குள் அந்தக் குழுவிலிருந்து பத்தொன்பது பேர் ஓவர்கோட்டோடு சமையலறையிலும் மாடிப்படியிலும் நின்றார்கள். அடுப்பு பற்றவைக்கக் கூடாது, கெட்டில் கூடாது. டீ இல்லாத வீட்டில் அத்தனை வேல்ஸ்காரர்கள் நின்றது அதுதான் முதல் தடவை.

பதினொன்று பத்துக்கு கெத்தின் கேஸை மூடினான். குழு அடிவயிற்றிலிருந்து ஒரே ஸ்வரம் எடுத்தது. ஸ்வரம் ஏற இத்வாலின் மார்பு ஏறியது, தணிய இறங்கியது. எல்லோர் கண்ணும் அந்த மார்பிலேயே இருந்தது. நாற்பது நிமிஷம் ஆனது, ஒரே ஒரு நட்டு மட்டும் அசையவே இல்லை. கெத்தினின் கை வழுக்கியது, எண்ணெய் விட்டான், வாய்க்குள் திட்டினான். அறுபது நிமிஷம். பாடியவர்களும் சுரங்கத்துத் தூசி தின்றவர்கள்தானே, ஒவ்வொருவராக இருமிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். ஒன்பது பேர், ஐந்து பேர், இரண்டு பேர். எழுபத்தொன்றாவது நிமிஷத்தில் கடைசி இருவரும் சேர்ந்தாற்போல் இருமினார்கள், ஸ்வரம் அறுந்தது, மார்பு எழவில்லை.

எட்டு வயதில் பள்ளிக்கூட டீச்சர், நீ பாடாதே, உதட்டை மட்டும் அசை என்று சொன்ன நாளிலிருந்து எயர்லிஸ் வாயைத் திறந்து பாடியதில்லை. அந்த ஊரில் அது சின்ன அவமானமில்லை. இப்போது திறந்தாள். வந்த சத்தத்தைச் சுருதி என்று சொல்லக் குழுத் தலைவருக்கு மனம் வரவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். இத்வாலின் மார்பு எழுந்தது. அவள் மூச்செடுக்கும் இடைவெளியில் அவர் மூச்சு விட்டார். முகமெல்லாம் கண்ணீர், அவள் நிறுத்தவில்லை.

கெத்தின் புது வால்வைப் பொருத்தி, சோதித்து, பற்றவைத்தான். முதல் தடவையிலேயே பிடித்து, அழகாகத் திறந்து அழகாக மூடியது. இத்வாலின் மார்பு அதைச் சட்டைசெய்யவே இல்லை. அது எயர்லிஸோடு போய்விட்டது. அன்றிலிருந்து அவள் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த ஸ்வரத்தை முனகினாள், தூக்கத்திலும் முனகினாள். முறை வைத்துப் பாட வருகிறோம் என்று குழு சொல்லியனுப்பியது. வேண்டாம், உங்க சுருதி எனக்கு ஒத்துவராது என்று இத்வால் பதில் அனுப்பினார்.

ஜூலையில் பாய்லரை அணைத்தார்கள். மறுநாள் காலை இருவரும் தென் வேல்ஸின் போர்த்கால் கடற்கரைக்குப் போக பஸ் ஏறினார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்து, "அம்மா, அந்த முனகலைக் கொஞ்சம் நிறுத்துறீங்களா?" என்றார். எயர்லிஸ் அவரை முறைத்தபடியே மூச்செடுத்தாள்.

அந்த இடைவெளியில் இத்வால் சொன்னார், "அது என் மூச்சு, தம்பி."

சரி என்று டிரைவர் கதவை மூடி வண்டியை எடுத்தார்.