ஏழாம் பக்கத்து ஈ

7 நவம்பர் 1995, செவ்வாய்

இன்றைய தவறு: ஒன்று. சிறியதுதான். ஏழாம் பக்கத்தின் கடைசி இரண்டு வரிகளைத் தாளைப் பார்க்காமல் தட்டிவிட்டேன். தட்டியது நேற்று, கண்ணில் பட்டது இன்று. அதற்குள் அந்தப் பக்கம் அச்சாகி, திருத்தம் பார்ப்பதற்காக வாடிக்கையாளர் வீட்டுக்கே போய்விட்டது.

மாலை வகுப்பில் கம்ப்யூட்டர் அச்சுக்கோப்பு படிக்கிறேன். அன்றைய தவறு, அது நேர்ந்த விதம், மறுநாள் வேலை ஆகிய மூன்றையும் தினமும் நோட்டில் எழுத வேண்டும் என்பது அங்கே விதி. மற்றவர்கள் மூன்று வரியில் முடிக்கிறார்கள். எனக்கு மட்டும் நீண்டுவிடுகிறது. எது தேவை, எது தேவையில்லை என்று பிரிக்கத் தெரியவில்லை போலிருக்கிறது.

நேர்ந்த விதம். பகலில் உக்கடத்தில் ரசாக் சாச்சாவின் அச்சகத்தில் வேலை பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது சென்னகேசவன் எழுதிய குழந்தைப் பாட்டுப் புத்தகம். பன்னிரண்டு பாட்டு. அவர் இறந்து ஆறு வருடமாகிறது. இந்த ஊரில் ஒன்றாம் வகுப்பைத் தாண்டிய எவருக்கும் அவருடைய ஈப் பாட்டு தெரியும்.

பாயசத்தில் விழுந்த ஈ
பல்லைக் காட்டிச் சிரித்ததாம்;
"முந்திரியை நீ எடு,
மூக்குச் சளியை எனக்கு விடு!"
என்று சொல்லிப் பறந்ததாம்
எங்க மாமா மூக்கிலே!

கடைசி வரியில் மாமா நிரந்தரமில்லை. எதிரில் யார் இருக்கிறாரோ அவர் பெயரைப் போட வேண்டும். பெயர் சொல்லப்பட்டவர் மூக்கைத் தொட்டால் தோற்றார். தொடாமல் தப்பித்தவரை நான் பார்த்ததில்லை. அத்தா வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னால், இன்றைக்கும் கை மூக்குக்குப் போகும்.

புத்தகத்தை அச்சிடச் சொன்னவர் அரங்கசாமி ஐயா. மில் இருக்கிறது. துடியலூரில் பள்ளிக்கூடமும் இருக்கிறது. அடுத்த செவ்வாய், குழந்தைகள் தினத்தன்று, பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசமாகத் தரப் போகிறார். பழைய புத்தகத்தோடு போன வெள்ளிக்கிழமை வந்தார். நாற்காலியில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

"ஏனுங்க பாய், பாயசத்துல ஈயி, மூக்குல சளி. இதையெல்லாமா குழந்தைங்க படிக்கறது? எனக்குக் குமட்டுதுங்க."

"பாட்டுதானுங்களே" என்றார் சாச்சா.

"பாட்டுன்னா சுத்தமா இருக்க வேண்டாமுங்களா? அதான் நானே நாலு பாட்டைச் சரி பண்ணிப்போட்டேன். அவரு மக கிட்டயும் கேட்டாச்சுங்க. புஸ்தகம் வந்தாப் போதும்னு சொல்லிட்டாங்க."

பேசிக்கொண்டே என் பென்சிலை எடுத்துக் காதுக்குள் விட்டுச் சுழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினார். பிறகு அதே முனையால் ஏழாம் பக்கத்துப் பாட்டின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, தான் எழுதிய சீட்டை அதன்மேல் குண்டூசியால் குத்தினார்.

பாயசத்தில் ஈ இல்லை,
மூடி போட்டு வைத்ததால்;
கைகள் கழுவி உண்ணலாம்,
கருத்தாய் நாமும் வாழலாம்;
என்று சொல்லித் தந்தாரே
அரங்கசாமி ஐயாவே!

முனையில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்த அந்தப் பென்சிலை எறிந்துவிட்டேன். சீட்டை எறிய முடியவில்லை. படிக்கும்போது வாய்க்குள் ஏதோ வழவழப்பாக ஊறியது. மூன்றாம் பக்கத்தில், வாத்தியார் நாற்காலியை நனைத்துவிட்டு ஓடும் பூனை இப்போது வாத்தியாரை வணங்குகிறது. ஒன்பதாம் பக்கத்துக் கழுதை பல் துலக்குகிறது. பதினொன்றாம் பக்கத்தை எழுத விருப்பமில்லை.

பழையதிலும் புதியதிலும் ஐந்தாம் வரி 'என்று சொல்லி' என்றே தொடங்குகிறது. நேற்று நான்கு வரியைச் சீட்டைப் பார்த்துத்தான் தட்டினேன். 'என்று சொல்லி' வந்ததும் விரல்கள் பழைய பாதைக்குத் தாவிவிட்டன. பெயரை மட்டும் சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டன. அச்சாகிப் போனது இப்படி:

என்று சொல்லிப் பறந்ததாம்
அரங்கசாமி மூக்கிலே!

சாச்சாவிடம் சொன்னேன். தாளை வாங்கிப் பார்த்தார். சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தது தெரிந்தது.

"அவரு படிக்கவா போறாரு நஸ்ரியா? தன் பேரு இருக்குதான்னு பார்ப்பாரு. பேருதான் இருக்குதே."

நாளைய வேலை: ஏழாம் பக்கத்தைச் சீட்டில் உள்ளபடி திருத்துவது.

8 நவம்பர், புதன்

தவறு: இல்லை. அதுதான் அசிங்கமாக இருக்கிறது.

ஏழாம் பக்கத்தைத் திருத்தினேன். ஒவ்வொரு எழுத்தையும் சீட்டோடு ஒப்பிட்டேன். 'கருத்தாய் நாமும் வாழலாம்' என்று தட்டும்போது, பைண்டிங் பக்கமிருந்து நேற்றைய மைதாப் பசை புளித்த நாற்றம் வந்தது. பசை வாளியில் ஓர் ஈ மிதந்தது. நிஜமான ஈ. அதைப் பார்த்தபோது வராத குமட்டல், திரையைப் பார்த்தபோது வந்தது.

இந்தச் சீட்டை மறுத்துவிடும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்று மதியம் முழுக்க யோசித்தேன். இல்லை. புத்தகத்தின் அட்டையில் சென்னகேசவன் பெயர்தான் இருக்கும். செத்தவர் வாயில் அரங்கசாமியின் புகழை நான்தான் ஊட்டுகிறேன், பிழையில்லாமல். இனி அந்தப் பள்ளியில் சேரும் பிள்ளைகளுக்கு இதுதான் ஈப் பாட்டு.

மடிப்பு வேலை செய்யும் காளியாத்தாள் அக்கா எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"என்ன கண்ணு, மூஞ்சி இப்படிப் போச்சு? பல்லி உழுந்த சோத்தைத் தின்னாப்பல?"

படித்துக் காட்டினேன்.

"த்தூ" என்றார். "ஈயி எங்க போச்சு?"

நாளைய வேலை: வாடிக்கையாளர் வருகிறார். திருத்திய தாளைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

9 நவம்பர், வியாழன்

தவறு: வாடிக்கையாளர் பேசும்போது குறுக்கே பேசினேன். தவறுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை. எழுதி வைக்கிறேன்.

பதினொரு மணிக்கு அரங்கசாமி ஐயா வந்தார். முகம் சிவந்திருந்தது. முதல் தாளைப் படித்துவிட்டிருந்தார். கைக்குட்டையை விரித்தார், உட்கார்ந்தார்.

"ஏனம்மணி, என் மூக்குல எதுக்கு ஈயை உட்டே?"

"கை தவறிடுச்சுங்க ஐயா. நேத்தே சரி பண்ணிட்டேனுங்க." புதிய தாளைக் கொடுத்தேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் படித்தார். அச்சகம் முழுவதும் கேட்க வேண்டும் என்ற ஆசை. முதல் நான்கு வரியையும் மேடையில் படிப்பது போலப் படித்தார். பிறகு, "என்று சொல்லிப் பறந்ததாம்..."

நின்றார். தாளைப் பார்த்தார். தாளில் அப்படி இல்லை.

மடிப்பு மேசையிலிருந்து, தலையைத் தூக்காமல், காளியாத்தாள் அக்கா முடித்தார்: "அரங்கசாமி மூக்கிலே!"

ஐயாவின் கை மூக்குக்குப் போய்விட்டது.

யாரும் சிரிக்கவில்லை. சாச்சா திரும்பிச் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தார்.

"ஏ காளியாத்தா!"

"ஐயோ சாமி, நானாச் சொல்லலீங்க. வாயி சொல்லிப்போட்டுதுங்க."

மறுபடி படித்தார். மறுபடியும் பறந்தது. மூன்றாவது தடவை, ஒவ்வொரு சொல்லாக, வழுக்குப் பாறையில் கால் வைப்பவரைப் போலப் படித்து, "சொல்லித், தந், தாரே" என்று கடந்துவிட்டார். வெற்றியோடு கடைசி வரியைத் தொடங்கினார். "அரங்கசாமி..."

"மூக்கிலே!" இந்த முறை சொன்னது சாச்சா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

கை மறுபடியும் போனது. பாதி வழியில் பிடித்து நிறுத்தி, மீசையைத் தடவுவது போலக் காட்டினார்.

"சின்னதுல நீங்களும் சொன்னதுண்டுங்களா?" என்றார் அக்கா.

"மூணாங்கிளாசுல எங்க கணக்கு வாத்தியாருக்குச் சொன்னேன். முட்டி போட வெச்சுட்டாரு." சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். "அதெல்லாம் பழசுங்க. புதுப் பிள்ளைங்களுக்குப் புதுப் பாட்டு. தெரியாதில்ல அதுங்களுக்கு?"

அப்போதுதான் குறுக்கே பேசினேன். "தெரியுமுங்க ஐயா. கடைசி வரியில பேரு இருந்தா, அதுக்கப்புறம் மூக்குதானுங்க."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சாச்சா என்னைப் பார்த்தார்.

"உங்க பள்ளிக்கூடத்துல எத்தனை புள்ளைங்கங்க?" என்று கேட்டார் அக்கா.

"எண்ணூறு."

"எண்ணூறு வாயிங்களா" என்றார் அக்கா. பெருமூச்சோடு சொல்லிவிட்டு மடிக்கத் தொடங்கினார்.

ஐயா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் தின மேடையை, அதில் மாலையோடு உட்கார்ந்திருக்கும் தன்னை, கீழே எண்ணூறு வாய்களை அவர் நினைத்துப் பார்க்கிறார் என்று தோன்றியது. பிறகு தாளை மடித்து மேசையில் போட்டார்.

"என் பேரை எடுத்துப்போடு அம்மணி."

"எடுத்தா அந்த வரி காலிங்களே ஐயா. வேற எழுதித் தர்றீங்களா?"

"நேரமில்லை. பழசையே போடுங்க. ஏழாம் பக்கம் மட்டும். மத்த மூணும் நான் எழுதுனதுதான்."

எழுந்தார். நாற்காலியில் விரித்து உட்கார்ந்திருந்த அதே கைக்குட்டையை உதறி, அதே பக்கத்தால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, படியிறங்கினார். கார் கிளம்பிய பிறகு அச்சகமே சிரித்தது. மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். அக்கா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி முடித்து, கடைசியில் என் பெயரைச் சொன்னார். தொடக் கூடாது என்று இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். மூக்கு அரித்தது. தோற்றேன்.

சிரிப்பு அடங்கியதும் அருவருப்பு திரும்பி வந்தது. பூனை வணங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கழுதை பல் துலக்குகிறது. ஈ பிழைத்தது என் தைரியத்தால் இல்லை, அவருடைய பயத்தால். புதன்கிழமை நான் அதைப் பிழையில்லாமல் கொன்றவள். இதை இந்த நோட்டில் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

நாளைய வேலை: ஏழாம் பக்கம். பழைய புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, நினைவிலிருந்து தட்டாமல், எழுத்துக்கு எழுத்து பார்த்துத் தட்ட வேண்டும். ஆறு வரி. கடைசி வரியில் 'எங்க மாமா'. பன்னிரண்டு மணிக்குள் அச்சுப் பிளேட் எடுக்கக் கொடுக்க வேண்டும். புதுப் பென்சில் ஒன்று வாங்க வேண்டும்.